பெய்த மழை ஒன்று, நாள் கணக்கில் மட்டும் வேறு: டைம்ஸ்கேல்டிபி டைம் பக்கெட் சந்தேகம்

மலைமேடு · செவ்வாய், காலை 9:12

எல்லோருக்கும் வணக்கம். நீலகிரியில் ஒரு விவசாயிகள் குழுவுக்காக 40 சிறிய வானிலை நிலையங்களைப் பார்த்துக்கொள்கிறேன். ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலை, ஈரப்பதம், காற்றின் வேகம், திசை, மழை எல்லாவற்றையும் அனுப்பும். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் மேல், நேரவாரித் தரவுக்கான டைம்ஸ்கேல்டிபி நீட்சியைப் போட்டிருக்கிறேன். எல்லாம் ஒரே ஹைப்பர்டேபிளில் (நேரவாரியாகத் துண்டு போட்ட பெரிய அட்டவணை) விழுகிறது. நாளுக்கு 57,600 வரிசை, வருடத்துக்கு 2 கோடியே 10 லட்சம்.

நிமிடக் கணக்கை யாரும் பார்ப்பதில்லை. நாள், வாரம், மாதம் என்று சுருக்கித்தான் கேட்கிறார்கள். அதனால் நேரத்தை வாளி வாளியாக வெட்டும் டைம் பக்கெட் ஃபங்ஷனில் ஒரு நாள் இடைவெளி கொடுத்து, ஒரு கண்டினியுவஸ் அக்ரிகேட் (தானே புதுப்பித்துக்கொள்ளும் சுருக்க அட்டவணை) செய்து வைத்தேன். டேஷ்போர்டு பறக்கிறது. ஆனால் மழைக் கணக்கு இடிக்கிறது.

பக்கத்துத் தோட்டத்தில் ஒரு பெரியவர் பல வருடமாகக் கைமழைமானி வைத்துத் தினமும் காலையில் நோட்டில் எழுதுகிறார். அவர் நோட்டில் 14ஆம் தேதி 62.1 மி.மீ., 15ஆம் தேதி 2.2 மி.மீ. என் திரையில் 13ஆம் தேதி 41.2, 14ஆம் தேதி 23.4. அவர் 13ஆம் தேதிக்கு நேராகக் கோடு போட்டிருக்கிறார், மழை இல்லையாம். "தம்பி, உன் மிஷினுக்கு ஜோசியம் தெரியுமா? பெய்யறதுக்கு முந்தின நாளே எழுதுதே" என்று சிரிக்கிறார். சென்சாரை மாற்றிப் பார்த்துவிட்டேன், பயனில்லை. எங்கே தப்பு?

ஒற்றைவரி · செவ்வாய், காலை 9:20

யுடிசி.

மலைமேடு · செவ்வாய், காலை 9:24

கொஞ்சம் விரித்துச் சொன்னால் நன்றாக இருக்கும் :)

அட்டவணை அக்கா · செவ்வாய், காலை 10:05

ஒற்றைவரி சொன்னது பாதி விடை. யுடிசி என்றால் உலகப் பொது நேரம். உங்கள் நேர நெடுவரிசை டைம்ஸ்டாம்ப்டிஇசட் (நேர மண்டலத்தைக் கணக்கில் எடுக்கும் நேரம்) வகை என்று வைத்துக்கொள்கிறேன். டைம் பக்கெட்டுக்கு நேர மண்டலம் எதுவும் சொல்லாவிட்டால் அது யுடிசி நாளைத்தான் வெட்டும். யுடிசி நள்ளிரவு நமக்குக் காலை 5:30. ஆக, உங்கள் "13ஆம் தேதி" என்பது 13 காலை 5:30 முதல் 14 காலை 5:30 வரை. ராத்திரி மழை முழுக்க முந்தின நாள் கணக்கில் போய் விழுகிறது. உங்கள் மிஷினின் ஜோசிய ரகசியம் அவ்வளவுதான்.

டைம் பக்கெட்டுக்கு மூன்றாவதாக நேர மண்டலம் கொடுக்கலாம். ஏசியா, கொல்கத்தா என்று கொடுங்கள். அப்போது நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை வெட்டும்.

இந்த இடத்தில் பலர் ஏமாறுவார்கள். நாள், மாதம் என்று வெட்டும் போஸ்ட்கிரெஸின் டேட் டிரங்க் அப்படி நடக்காது, அது செஷனின் (அதாவது அந்த இணைப்பின்) நேர மண்டலத்தை எடுத்துக்கொள்ளும். உங்கள் லேப்டாப்பில் சரியாக வந்து, சர்வரில் வேறாக வரும். ஒரே கொயரி, இரண்டு விடை. டைம் பக்கெட் அந்த வகையில் யோக்கியன், எங்கே ஓட்டினாலும் ஒரே தப்பைத்தான் செய்யும்.

மலைமேடு · செவ்வாய், மதியம் 12:48

அக்கா, கோடி நன்றி. மாற்றிப் பார்த்தேன். இப்போது 13ஆம் தேதி 9.6, 14ஆம் தேதி 54.8, 15ஆம் தேதி 0.2. நெருங்கி வருகிறது, ஆனாலும் பெரியவரின் 62.1 வரவில்லையே? கூட்டுத்தொகை அப்படியே 64.6தான். அவருடையது 64.3.

மழைக்கணக்கு · செவ்வாய், மதியம் 1:30

மீதிப் பாதி விடை என்னிடம் இருக்கிறது. நான் டேட்டாபேஸ் ஆள் இல்லை, மழை பார்க்கிற பைத்தியம்.

பெரியவர் காலை எத்தனை மணிக்கு அளக்கிறார் என்று கேளுங்கள். 8:30 என்பார். இந்திய வானிலைத் துறையின் மழை நாள் காலை 8:30க்கு முடிகிறது. முந்தின நாள் 8:30 முதல் இன்று 8:30 வரை பெய்தது இன்றைய தேதியில் எழுதப்படும். செய்தியில் "இன்று காலை 8:30 வரையிலான 24 மணி நேரத்தில்" என்று சொல்வார்களே, அதேதான். 2015 டிசம்பர் 2இல் தாம்பரம் 49 செ.மீ. என்று எழுதியிருந்தால், அதில் பெரும்பகுதி டிசம்பர் 1இல் பெய்தது. 2023 டிசம்பர் 18இல் காயல்பட்டினத்துக்குச் சொன்ன 95 செ.மீ.யும் 17 காலை முதல் 18 காலை வரை கொட்டியது. அந்த மழையை நள்ளிரவில் வெட்டியிருந்தால் இரண்டு தேதிக்குப் பிரிந்திருக்கும், 95 என்ற எண்ணே வந்திருக்காது.

உங்கள் கணக்கையே பாருங்கள். 13 காலை 8:30 முதல் 14 காலை 8:30 வரை எடுத்தால் 62க்குப் பக்கத்தில் வரும், பந்தயம்.

ஏன் 8:30 என்று யாராவது கேட்கும் முன் சொல்லிவிடுகிறேன்: அது யுடிசி 3:00 மணி. உலகம் முழுவதும் ஒரே கணத்தில் அளக்கும் நேரங்களில் அதுவும் ஒன்று.

மலைமேடு · செவ்வாய், மாலை 4:10

62.4! பந்தயத்தில் ஜெயித்துவிட்டீர்கள். அடுத்த நாள் 2.2, பெரியவர் நோட்டில் இருப்பதேதான்.

ஆனால் டைம் பக்கெட் வாளியின் தொடக்கத்தைத்தான் பெயராகத் தருகிறது, 13 காலை 8:30 என்று. தேதி மட்டும் எடுத்தால் மறுபடியும் 13. ஒரு நாள் கூட்டித்தான் 14 ஆக்கினேன். சரிதானே?

மழைக்கணக்கு · செவ்வாய், மாலை 4:22

சரி. அந்த நெடுவரிசைக்கு வெறுமனே "நாள்" என்று பேர் வைக்காதீர்கள். "மழைநாள்" என்று வையுங்கள். ஆறு மாதம் கழித்து நீங்களே மறந்து, இன்னொரு நாளைக் கூட்டிவிடுவீர்கள்.

பழைய சர்வர் · செவ்வாய், இரவு 9:02

எல்லோரும் வாளி, வாளி என்கிறீர்கள். மழைமானிக்குள்ளும் ஒரு வாளி இருக்கிறது, 0.2 மி.மீ. நிறைந்தால் கவிழ்ந்து ஒரு டிக் கொடுக்கும். வாளியில் விழுந்ததை வாளியில் போட்டு வாளியாக எண்ணுகிறோம். நல்ல பொழப்பு.

ஒரு பழங்கதை. இந்தச் சுருக்கும் வேலையை எங்கள் தலைமுறைக்குக் கற்றுக்கொடுத்தது ஆர்ஆர்டிடூல். ஸ்விட்சர்லாந்தின் டோபியாஸ் ஓட்டிக்கர் 1999இல் வெளியிட்டது. அதற்கு முன் நெட்வொர்க் போக்குவரத்தை வரைபடமாக்கும் எம்ஆர்டிஜி செய்தவரும் அவர்தான். ஃபைல் உருவாக்கும்போதே அதன் அளவு முடிவாகிவிடும். பிறகு ஒரு பைட்கூட வளராது. 5 நிமிடக் கணக்கு இரண்டு நாளுக்கு, அரைமணிக் கணக்கு இரண்டு வாரத்துக்கு, நாள் கணக்கு இரண்டு வருடத்துக்கு என்று கட்டம் போட்டுக் கொடுத்தால், வட்டமாகச் சுற்றி மேலேயே எழுதிக்கொண்டு போகும். டிஸ்க் நிறைந்தது என்று ராத்திரி இரண்டு மணிக்கு போன் வராது. அந்த நிம்மதிக்கு ஈடு இல்லை.

ஆனால் சுருக்கும் முறையை அன்றே சொல்லிவிட வேண்டும். சராசரி, குறைந்தது, கூடியது, கடைசி என்று நாலு வழி. சராசரியை மட்டும் வைத்துவிட்டு ஒரு வருடம் கழித்து "உச்சம் எவ்வளவு?" என்று கேட்டால் பதில் கிடையாது. அது போனது போனதுதான். கிராஃபைட் என்ற கண்காணிப்பு மென்பொருளின் விஸ்பர் ஃபைலிலும் இதே கதை. அதில் கூடுதலாக ஒரு வேடிக்கை: சுருக்கும்போது பாதிக்கு மேல் புள்ளிகள் இல்லாவிட்டால் விடை வெற்று. எப்போதாவது வரும் தரவு முதல் வாரம் தெரியும், அடுத்த வாரம் காணாமல் போகும். சென்சாரைத் திட்டாத ஆளே இல்லை.

இத்தனைக்கும் மேல் ஒரு கேள்வி. நாளுக்கு 57,600 வரிசைக்கு எதற்கப்பா டைம்ஸ்கேல்? வெறும் போஸ்ட்கிரெஸ், ஒரு சுருக்க அட்டவணை, மணிக்கு ஒருமுறை தானாக ஓடும் ஒரு கிரான் வேலை. முடிந்தது கதை.

ஒற்றைவரி · செவ்வாய், இரவு 9:06

ஒற்றை ஃபைல் டேட்டாபேஸ் எஸ்க்யூலைட்டே போதும்.

அட்டவணை அக்கா · புதன், காலை 7:40

பழைய சர்வர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. போஸ்ட்கிரெஸ் 14இலிருந்து டேட் பின் என்று ஒன்று உள்ளேயே வருகிறது. எந்த நேரத்திலிருந்து வெட்ட வேண்டும் என்பதை அதில் கட்டாயம் சொல்லியாக வேண்டும், அதனாலேயே எனக்குப் பிடிக்கும். யோசிக்காமல் தப்பிக்க முடியாது. ஆனால் மாதம், வருடம் அதில் வெட்ட முடியாது. அவற்றின் நீளம் நிலையாக இல்லையே.

கிரான் வழியில் சிக்கல் ஒன்றுதான்: தாமதமாக வரும் தரவு. மலைமேடு, உங்கள் நிலையங்களில் சிக்னல் போவது உண்டா?

மலைமேடு · புதன், காலை 8:15

உண்டாவது! மஞ்சு மூடினாலே போய்விடும். லாகர் (நிலையத்தின் பதிவுக் கருவி) தன்னிடமே சேர்த்துவைத்து, சிக்னல் வந்ததும் மொத்தமாகக் கொட்டும். இரண்டு மூன்று நாள் தாமதம் சாதாரணம். ஒருமுறை 11 நாள்.

அட்டவணை அக்கா · புதன், காலை 8:52

அப்போது கண்டினியுவஸ் அக்ரிகேட்டுக்கு வேலை இருக்கிறது. பழைய நேரத்துக்கு ஒரு வரிசை வந்து விழுந்தால், "இந்த இடம் கெட்டுவிட்டது, மறுபடி கணக்கிடு" என்று அது தானே குறித்துவைத்துக்கொள்ளும். அடுத்த ரெஃப்ரெஷில் கெட்ட இடத்தை மட்டும் சரி செய்யும். கிரானில் இதை நீங்களே எழுத வேண்டும். எழுதலாம், ஆனால் முதல் தடவையே சரியாக எழுதியவரை நான் பார்த்ததில்லை.

ஒரு நிபந்தனை. ரெஃப்ரெஷ் பாலிசியில் ஸ்டார்ட் ஆஃப்செட் என்று ஒன்று கொடுப்பீர்களே, அது எவ்வளவு பின்னோக்கிப் பார்க்கும் என்பது. அதை 3 நாள் என்று வைத்தால் 11 நாள் தாமதமாக வந்தது குறிக்கப்படும், ஆனால் யாரும் போய்த் திருத்த மாட்டார்கள். 30 நாள் வையுங்கள். கெட்ட இடத்தை மட்டும்தானே தொடும், பெரிதாகச் சுமை ஏறாது.

அடுத்தது ரியல்டைம். சுருக்கி முடித்த எல்லைக்குப் பின் வந்ததைக் கச்சாத் தரவிலிருந்து எடுத்து ஒட்டிக் காட்டும் வசதி. 2.13 பதிப்பிலிருந்து இது தானாக வராது, நீங்கள்தான் திறந்துவிட வேண்டும். "அப்கிரேட் செய்தேன், இன்றைய நாளைக் காணோம்" என்று வரும் புலம்பல்களில் பாதி இதனால்தான். திறந்துவிட்டாலும் எல்லைக்கு உள்ளே தாமதமாக வந்து விழுந்தது, ரெஃப்ரெஷ் ஓடும் வரை கண்ணில் படாது. புதியது தெரியும், பழையது தெரியாது. முதல்முறை பார்த்தபோது எனக்குத் தலை சுற்றியது.

லண்டன் குளிர் · புதன், மதியம் 2:35

நான் இங்கே மின் மீட்டர் தரவோடு மல்லுக்கட்டுகிறவன். உங்களுடைய அரை மணி நேரப் பிரச்சினையைப் பார்த்துச் சிரிப்பு வந்தது, கோபிக்க வேண்டாம். பிரிட்டனில் மின்சாரக் கணக்கு அரை மணிக்கு ஒன்று, நாளுக்கு 48. மார்ச் கடைசி ஞாயிறு கடிகாரம் முன்னே போகும், அன்றைக்கு 46. அக்டோபர் கடைசி ஞாயிறு 50. "நாள் என்றால் 24 மணி" என்று எழுதிய ஒவ்வொரு கொயரியும் வருடத்தில் இரண்டு நாள் பொய் சொல்லும்.

நேர மண்டலத்தைச் சொல்லி ஒரு நாள் என்று கேட்பதும், 24 மணி என்று கேட்பதும் வேறு வேறு. உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை, கொடுத்துவைத்தவர்கள். ஆனால் உங்களுக்கும் ஒரு குழி இருக்கிறது. மணி நேர வாளியை யுடிசியில் வெட்டினால் உங்கள் ஊரில் அது 5:30, 6:30, 7:30 என்று விழும். வரைபடத்தில் 6 மணி, 7 மணி என்று பேர் மட்டும் போட்டிருப்பீர்கள்.

மலைமேடு · புதன், மதியம் 3:01

ஐயோ. மணிக்கணக்கு அக்ரிகேட் அப்படித்தான் இருக்கிறது.

அதைவிட ஒன்று இப்போதுதான் உறைக்கிறது. மணிக்கணக்கை இந்திய நேரத்துக்கு மாற்றினால் 8:00–9:00 என்று விழும், 8:30 நடுவில் மாட்டிக்கொள்ளும். மழைநாளை மணிக்கணக்கிலிருந்து கட்ட முடியாது. யுடிசியிலேயே விட்டால் மழைநாள் கச்சிதமாக வரும், ஆனால் நள்ளிரவு நடுவில் மாட்டும். எப்படிப் போனாலும் ஒன்று இடிக்குமே!

அட்டவணை அக்கா · புதன், மதியம் 3:30

அடி வாளியைச் சிறிதாக்குங்கள். 15 நிமிடம். நள்ளிரவு யுடிசியில் 18:30, மழைநாள் தொடக்கம் 3:00, இரண்டுமே கால் மணியில் சரியாக விழுகின்றன. முதல் அக்ரிகேட் 15 நிமிடத்துக்கு. அதன் மேல் மணிக்கு ஒன்று, இந்திய நாளுக்கு ஒன்று, மழைநாளுக்கு ஒன்று. 2.9 பதிப்பிலிருந்து அக்ரிகேட் மேல் அக்ரிகேட் கட்டலாம். 40 நிலையம், நாளுக்கு 96 வாளி, மொத்தம் 3,840 வரிசை. ஒன்றுமே இல்லை.

மழைநாளுக்கு, எந்த நேரத்திலிருந்து வெட்ட வேண்டும் என்று சொல்லும் ஆஃப்செட்டோ ஆரிஜினோ கொடுக்க வேண்டும். கண்டினியுவஸ் அக்ரிகேட்டுக்குள் அவற்றை ஏற்றுக்கொள்வது 2.15 முதல்தான். உங்கள் பதிப்பு அதற்கும் பழையது என்றால் மழைநாளைச் சாதாரண வியூவாக (கேட்கும்போது கணக்கிடும் கொயரி) வையுங்கள், இந்த அளவுக்கு அது தாங்கும்.

மாதத்துக்கும் அக்ரிகேட் செய்தால் அதன் ரெஃப்ரெஷ் வீச்சு குறைந்தது இரண்டு வாளியைத் தொட வேண்டும், அதாவது இரண்டு மாதத்துக்கு மேல். 30 நாள் கொடுத்தால் பிழை காட்டி நிற்கும்.

லண்டன் குளிர் · புதன், மதியம் 3:41

ஓம், கால் மணி நல்ல முடிவு. நேபாளம்கூட 5:45தான், அவர்களுக்கும் பொருந்தும். ஒரு நாள் உங்கள் குழு காத்மாண்டுவில் கிளை திறந்தால் அக்காவுக்கு நன்றி சொல்லுவீர்கள்.

மலைமேடு · வியாழன், காலை 10:20

இரவு உட்கார்ந்து எல்லாவற்றையும் 15 நிமிடத்திலிருந்து மறுபடி கட்டினேன். மழை நோட்டோடு ஒத்துப்போகிறது. அடுத்த சந்தேகம் வெப்பநிலை. 15 நிமிடச் சராசரிகளைச் சராசரி எடுத்து நாள் சராசரி போட்டேன். கச்சாத் தரவிலிருந்து நேராக எடுத்தால் வேறு எண் வருகிறது. ஒரு நிலையத்தில் கிட்டத்தட்ட ஒரு டிகிரி வித்தியாசம்.

பழைய சர்வர் · வியாழன், காலை 10:44

சராசரியின் சராசரி சராசரி ஆகாது. இதைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். ஒரு மணி நேரத்தில் 60 அளவு, எல்லாம் 18 டிகிரி. அடுத்த மணியில் சிக்னல் போய் 5 அளவுதான் வந்தது, எல்லாம் 28. சராசரியின் சராசரி 23. உண்மையில் 65 அளவையும் கூட்டி வகுத்தால் 18.8. சராசரியைச் சேமிக்காதீர்கள். கூட்டுத்தொகை ஒரு நெடுவரிசை, எண்ணிக்கை ஒரு நெடுவரிசை. மேலே போகும்போது இரண்டையும் தனித்தனியே கூட்டிக் கடைசியில் வகுங்கள்.

மழைக்கணக்கு · வியாழன், காலை 11:15

ஒரு நிமிடம். பழைய சர்வர் மன்னிக்க வேண்டும், இந்த உதாரணத்தில் 18.8 எப்படி உண்மை? அந்த இரண்டாவது மணி நேரம் முழுக்க மலையில் 28 டிகிரிதான் இருந்தது. சென்சார் பேசாததால் வெயில் அடிக்காமல் போய்விடுமா? இரண்டு மணி நேரத்தின் சராசரி வெப்பம் 23தான். 18.8 என்பது வந்து சேர்ந்த செய்திகளின் சராசரி, காற்றின் சராசரி அல்ல.

மதியத்தில் சிக்னல் அடிக்கடி போகும் நிலையம் என்றால், எண்ணிக்கையால் வகுக்க வகுக்க அந்த ஊர் குளிர்ந்துகொண்டே போகும்.

பழைய சர்வர் · வியாழன், காலை 11:32

ம். சரிதான். நான் நெட்வொர்க் ஆள். எங்களுக்கு ஒவ்வொரு அளவும் ஒரு கோரிக்கை, அங்கே எண்ணிக்கையால் வகுப்பதுதான் சரி. வெப்பநிலையில் ஒவ்வொரு அளவும் ஒரு கால அளவுக்குப் பிரதிநிதி. சுவரிலிருந்து கிழித்துவிடுகிறேன்.

அட்டவணை அக்கா · வியாழன், மதியம் 12:10

கிழிக்க வேண்டாம், பக்கத்தில் இன்னொன்று ஒட்டுங்கள். கூட்டுத்தொகையும் எண்ணிக்கையும் வைத்திருந்தால் 18.8, 23 இரண்டையும் பிறகு வரவழைக்கலாம். சராசரியை மட்டும் வைத்தால் ஒன்றுதான் வரும், எத்தனை அளவை நம்பி வந்தது என்பதும் தெரியாது. டைம்ஸ்கேல் டூல்கிட் என்ற துணை நீட்சியில் நேர எடை போட்டுச் சராசரி எடுக்கும் டைம் வெயிட் என்ற ஃபங்ஷன் இருக்கிறது, இந்தத் தேவைக்காகவே. சீரற்ற இடைவெளியில் அளவு வருகிறவர்கள் அதைப் பாருங்கள்.

மழைக்கணக்கு · வியாழன், மதியம் 12:31

கூடவே குறைந்ததும் கூடியதும் வைத்துக்கொள்ளுங்கள். வானிலை அட்டவணைகளில் நாள் சராசரி என்று வருவது பெரும்பாலும் அன்றைய உச்சத்தையும் தாழ்வையும் கூட்டி இரண்டால் வகுத்தது. அதோடு ஒப்பிட வேண்டுமானால் அது வேண்டும். இவை இரண்டும் சமர்த்துப் பிள்ளைகள். உச்சங்களின் உச்சம் எப்போதும் உச்சம்தான், எத்தனை அடுக்கு ஏறினாலும் கெடாது.

காற்றுத் திசையை எப்படிச் சுருக்குகிறீர்கள்?

மலைமேடு · வியாழன், மதியம் 12:40

சராசரிதான்...

மழைக்கணக்கு · வியாழன், மதியம் 12:58

நினைத்தேன். 350 டிகிரியும் 10 டிகிரியும் வடக்கை ஒட்டிய காற்று. சராசரி போட்டால் 180, தெற்கு! வாடைக் காற்று தென்றலாகிவிடும். ஒவ்வொரு அளவுக்கும் சைன், கோசைன் எடுத்து இரண்டையும் தனித்தனியே கூட்டிவையுங்கள். பார்க்கும்போது ஆர்க்டேன்2 போட்டுத் திசையாக்குங்கள். காற்று அசையாத நேரத்தில் காற்றுத்திசைகாட்டி எங்கோ பார்த்து நிற்கும், அதனால் வேகத்தால் பெருக்கிக் கூட்டினால் இன்னும் நல்லது.

ஒற்றைவரி · வியாழன், மதியம் 1:03

பெர்சென்டைலும் கூட்ட முடியாது.

அட்டவணை அக்கா · வியாழன், மதியம் 1:25

ஆமாம். நாளின் 95ஆம் சதமானங்களை (நூற்றுக்கு 95 அளவுகள் அதற்குக் கீழே இருக்கும் எண்) சராசரி எடுத்தால் மாதத்தின் 95ஆம் சதமானம் வராது. ஏதோ ஒரு எண் வரும், பார்க்க லட்சணமாகவும் இருக்கும். அதற்கு டூல்கிட்டில் பெர்சென்டைல் அக்ரிகேட் என்று ஒரு சுருக்க உருவம் உண்டு, அதை அடுக்கடுக்காக ரோல்அப் செய்யலாம். விடை தோராயம்தான், ஆனால் எவ்வளவு தோராயம் என்பது தெரியும்.

இதையெல்லாம்விட முக்கியம், கச்சாத் தரவை அழிக்கும் ரிடென்ஷன் பாலிசி. போட்டிருக்கிறீர்களா?

மலைமேடு · வியாழன், மதியம் 1:33

இன்னும் இல்லை. 90 நாளுக்கு மேல் பழையதை அழிக்கலாம் என்று நினைத்தேன். அக்ரிகேட்டில்தான் எல்லாம் இருக்கிறதே?

அட்டவணை அக்கா · வியாழன், மதியம் 2:20

கையை எடுங்கள். ஒரு கதை சொல்கிறேன்.

முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் இதே அமைப்பு. கச்சாத் தரவு 90 நாள், மணிக்கணக்கு என்றென்றைக்கும். அமைத்தது நான்தான். ரெஃப்ரெஷ் பாலிசியில் ஸ்டார்ட் ஆஃப்செட்டை வெற்றாக விட்டிருந்தேன், "ஆரம்பத்திலிருந்து பார்த்துக்கொள்ளட்டுமே" என்று. ரிடென்ஷன் ஓடிப் பழைய துண்டுகளை அழித்தது. அடுத்து வந்த ரெஃப்ரெஷ் அந்தக் காலத்தை மறுபடி கணக்கிடப் போனது. அங்கே கச்சாத் தரவு இல்லை. இல்லாததைச் சுருக்கினால் என்ன வரும்? இல்லைதான் வரும். மணிக்கணக்கில் இருந்த பழைய வரிசைகளை ஒழுங்காக, பிழை எதுவும் காட்டாமல், துடைத்துவிட்டது.

யாருக்கும் தெரியவில்லை. டேஷ்போர்டு எப்போதும் கடைசி 30 நாளைத்தான் காட்டும். வருடக் கடைசி அறிக்கை எடுத்தபோதுதான் கோடு மூன்று மாதம் முன்னால் தொடங்குவதைப் பார்த்தோம். பேக்கப்பிலிருந்து கொஞ்சம் மீட்டோம், ஏழு மாதம் போனது போனதுதான்.

ரெஃப்ரெஷ் பின்னோக்கிப் பார்க்கும் தூரம், ரிடென்ஷன் அழிக்கும் வயதைவிடக் குறைவாக இருக்க வேண்டும். 90 நாளில் அழித்தால் ரெஃப்ரெஷ் 30 நாளோடு நிற்கட்டும். மாத அக்ரிகேட்டுக்கு இரண்டு மாதத்துக்கு மேல் வேண்டும் என்றேனே, அதையும் 90க்குள் அடக்குங்கள். கையால் முழு ரெஃப்ரெஷ் ஓட்டுவதும் இதே வினைதான், அந்த எல்லை அதைத் தடுக்காது.

உங்கள் அளவுக்கு அழிக்கவே வேண்டாம் என்பேன். இடத்தைச் சுருக்கும் கம்ப்ரஷனைப் போட்டுவிட்டுச் சும்மா இருங்கள். வருடத்துக்கு 2 கோடி வரிசை ஒரு பொருட்டே இல்லை.

பழைய சர்வர் · வியாழன், மதியம் 2:41

என் ஆர்ஆர்டி ஃபைல் ஒருநாளும் இப்படிச் செய்ததில்லை. அது சொல்லிவிட்டுத்தான் மறக்கும்.

லண்டன் குளிர் · வியாழன், மாலை 5:15

யாரும் சொல்லாத ஒன்று: கண்டினியுவஸ் அக்ரிகேட், கம்ப்ரஷன் எல்லாம் டைம்ஸ்கேலின் சொந்த உரிமத்தின் கீழ் வருபவை, திறந்த மூல அப்பாச்சி உரிமப் பதிப்பில் இல்லை. சில கிளவுட் சேவைகளில் "டைம்ஸ்கேல் உண்டு" என்று போட்டிருக்கும், உள்ளே போனால் ஹைப்பர்டேபிளும் டைம் பக்கெட்டும் மட்டும்தான். சொந்த சர்வரில் போட்டால் பிரச்சினை இல்லை. கம்பனியும் 2025இல் டைகர்டேட்டா என்று பேரை மாற்றிக்கொண்டது, தேடும்போது குழம்ப வேண்டாம்.

மலைமேடு · சனி, மாலை 6:30

எல்லாம் முடித்தேன். 15 நிமிட அடி அக்ரிகேட், அதில் கூட்டுத்தொகை, எண்ணிக்கை, குறைந்தது, கூடியது, சைன், கோசைன். ரெஃப்ரெஷ் 30 நாள். ரிடென்ஷன் இல்லை, கம்ப்ரஷன் மட்டும்.

இன்னொன்றும் செய்தேன். லாகர் நிமிட மழையோடு, தொடங்கியதிலிருந்து மொத்தம் எத்தனை டிக் என்பதையும் அனுப்பிக்கொண்டிருந்தது. இத்தனை நாள் கண்டுகொள்ளவில்லை. நடுவில் நூறு நிமிடம் தொலைந்தாலும் அடுத்து வரும் மொத்த எண் அதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது. பேட்டரி மாற்றினால் பூஜ்யத்துக்குப் போகிறது, அதை மட்டும் கவனிக்க வேண்டியிருந்தது.

மழைக்கணக்கு · சனி, மாலை 6:52

அருமை. உலக வானிலை அமைப்பின் வழிகாட்டலில் மாத வெப்பச் சராசரிக்குத் தொடர்ந்து 5 நாளோ மொத்தம் 11 நாளோ விட்டுப்போனால் கணக்கிடாதே என்று இருக்கிறது. மழை மாதிரிக் கூட்டுத்தொகைக்கு இன்னும் கடுமை, ஒரு நாள் விடுபட்டாலும் மாதக் கணக்கு செல்லாது, அந்த நாளின் மழை பிந்தைய அளவில் சேர்ந்து வந்திருந்தால் தவிர. உங்கள் மொத்த டிக் அந்த விதிவிலக்கில் வருகிறது.

அட்டவணை அக்கா · சனி, மாலை 7:05

மொத்த டிக்கை வாளிக்குள் கடைசி கழித்தல் முதல் என்று எடுக்காதீர்கள். ஒரு வாளியின் கடைசி அளவுக்கும் அடுத்த வாளியின் முதல் அளவுக்கும் நடுவில் விழுந்த டிக் யாருக்கும் சேராமல் போகும். நாளுக்கு 96 இடைவெளி, அடைமழையில் கணிசமாக ஒழுகும். அக்ரிகேட்டுக்குள், பக்கத்து வரிசைகளையும் பார்க்கும் விண்டோ ஃபங்ஷன் வைத்துச் சமாளிக்கப் பார்த்தால் இடிக்கும். தரவு உள்ளே வரும்போதே முந்தினதோடு கழித்து ஒரு நெடுவரிசையில் போட்டுவிடுங்கள், அப்புறம் வெறும் கூட்டல்தான்.

மலைமேடு · திங்கள், காலை 11:40

அக்கா சொன்னபடி மாற்றிவிட்டேன். 39 நிலையம் அக்கம்பக்கத்து நோட்டுகளோடு சேர்ந்துபோகிறது. ஒன்று மட்டும் எல்லா மழைக்கும் மூன்றில் ஒரு பங்கு குறைத்தே காட்டியது. ஆஃப்செட், நேர மண்டலம், டிக், எல்லாம் மறுபடி பார்த்து, கடைசியில் இன்று காலை பைக்கை எடுத்துக்கொண்டு நேரில் போனேன். புனலில் யூகலிப்டஸ் இலை அடைத்துக்கொண்டிருந்தது. அடியில் எறும்புக் கூடு வேறு.

சுத்தம் செய்தாயிற்று. எப்போது அடைத்தது என்று தெரியாது. பழைய கணக்கை என்ன செய்வது, அழித்துவிடவா?

அட்டவணை அக்கா · திங்கள், மதியம் 12:02

அழிக்காதீர்கள். நிலையம், தொடக்க நாள், முடிவு நாள், காரணம் என்று ஒரு சின்ன அட்டவணை போடுங்கள். மழைநாள் வியூவில் அதை இணைத்து, அந்த நாட்களில் "சந்தேகம்" என்று காட்டட்டும். பக்கத்து நிலையத்தோடு மாதவாரியாக விகிதம் எடுத்துப் பார்த்தால் எந்த மாதம் சரிய ஆரம்பித்தது என்பது தெரியும்.

மலைமேடு · திங்கள், இரவு 8:17

விகிதம் எடுத்தேன். ஜூலை வரை ஒன்றுக்கு ஒன்று, ஆகஸ்டில் 0.8, செப்டம்பரிலிருந்து 0.66. காரணம் நெடுவரிசையில் "இலை, எறும்பு" என்று எழுதியிருக்கிறேன்.

ஒற்றைவரி · திங்கள், இரவு 8:19

எறும்புக்கு இன்டெக்ஸ் போடவும்.